ப்வோலா: அரசர் முன்னால் ஆடியதும், அரசர் இல்லாத காலத்தில் ஆடியதும்

கேள்வி இது: வடக்கு உகாண்டாவின் அச்சோலி மக்கள் ஆடும் ப்வோலாவை ‘அரச நடனம்’ என்கிறார்கள். ஆனால் காணொளிகளில் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், அமைச்சர் வந்தால் ஆடுகிறார்கள், சுற்றுலாப் பயணிகளுக்காகவும் ஆடுகிறார்கள். அரசர் இல்லாத இடத்தில் ஆடினால் அது எப்படி அரச நடனம் ஆகும்? அதன்மேல் அவர்களுக்கு ஏன் அவ்வளவு பெருமை?

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ப்வோலாவில் ஆண்கள் பெரிய வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டம்தான் அரசரின் முற்றத்தைச் சுற்றியிருக்கும் வேலி. ஆடுபவர்களே தங்கள் உடம்பால் ஓர் அரண்மனையைக் கட்டி நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலி நின்றுவிட்டால் உள்ளே அரசருக்கு இடம் வந்துவிடுகிறது. அன்றைக்கு அவர் வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்பது அடுத்த விஷயம். கடந்த நூறு ஆண்டுகளில் அச்சோலிகளின் அரச பதவி பலமுறை ஆட்டம் கண்டது, ஒரு கட்டத்தில் சட்டப்படியே இல்லாமல் போனது. நடனம் நிற்கவில்லை. அவர்கள் பெருமையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். இனி விரிவாகச் சொல்கிறேன்.

அச்சோலிகள் லுவோ மொழி பேசும் இனங்களில் ஒன்று. உகாண்டாவின் வடக்கே குலு, கிட்கும், பாடேர், அகாகோ, அமுரு, ந்வோயா, லாம்வோ, ஒமோரோ மாவட்டங்களில் வாழ்கிறார்கள். எல்லைக்கு அப்பால் தெற்கு சூடானின் மாக்வி பகுதியிலும் இருக்கிறார்கள். சோளமும் கேழ்வரகும் எள்ளும் விளைகிற புல்வெளி நிலம். அவர்கள் மொழியில் நடனம் ‘மியேல்’, பாட்டு ‘வேர்’, முரசு ‘புல்’. தமிழ்க் காதுக்குப் பின்னிரண்டு சொற்களும் வேறு ஏதோ சொல்லும், ஆனால் இது வெறும் ஒலி ஒற்றுமைதான்.

நடனங்கள் அவர்களிடம் ஏராளம். லரகரகா என்பது இளைஞர்களும் பெண்களும் துணை தேடி ஆடுவது. கையில் பாதிச் சுரைக்குடுவை, அதைத் தட்ட சைக்கிள் சக்கரக் கம்பிகள். ஒட்டோலே போர் நடனம், ஈட்டியும் கேடயமும் வைத்து ஆடுவது. டிங்கி டிங்கி சிறுவர் சிறுமியருக்கு. இறந்தவரை நினைத்து ஆடுவதற்குத் தனி நடனம் உண்டு. இத்தனைக்கும் நடுவில் ப்வோலா தனியாக நிற்கக் காரணம், அதை யாரும் நினைத்தபோது ஆட முடியாது என்ற பழைய வழக்கம். அரசர் சொல்லி ஆட வேண்டும், அல்லது அரசருக்காக ஆட வேண்டும். புதிய அரசர் பதவி ஏற்கும் நாள், பெரிய விருந்தாளி வரும் நாள் என்று கனமான காரணம் இருக்க வேண்டும்.

ப்வோலாவைப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது தலை. ஆண்கள் தலையில் நெருப்புக்கோழி இறகு சூடியிருப்பார்கள். பல பேர் ஒரே நேரத்தில் காலை ஊன்றும்போது இறகுகள் எல்லாம் ஒரே வீச்சில் சாயும். தூரத்திலிருந்து பார்த்தால் காற்று புகுந்த சோளக்கொல்லை மாதிரி இருக்கும். முதுகில் விலங்குத் தோல். ஒரு கையில் சிறிய முரசு, மறு கையில் குச்சி.

அந்தச் சிறிய முரசைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நடனங்களில் அடிப்பவர் ஒரு பக்கம், ஆடுபவர் ஒரு பக்கம். ப்வோலாவில் வட்டத்தில் நிற்கும் ஒவ்வோர் ஆணின் கையிலும் முரசு இருக்கிறது. அவரவர் தாளத்தை அவரவரே அடிக்கிறார்கள், அந்த அடிக்கே காலையும் எடுத்து வைக்கிறார்கள். கையில் விழும் அடியும் தரையில் விழும் அடியும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரோடும் ஒன்றாக இருக்க வேண்டும், எதிர்க்கரையில் நிற்பவரோடும் ஒன்றாக இருக்க வேண்டும். யாராவது அரைத் தாளம் பிந்தினால் வேலியில் ஓட்டை விழுந்த மாதிரி உடனே தெரிந்துவிடும். இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு துல்லியமாக ஒன்று சேர்வதைப் பார்க்கும்போது, ஓர் அரசர் எதிர்பார்க்கக்கூடிய மரியாதை இதைவிட வேறு என்ன இருக்க முடியும் என்று தோன்றும்.

பெண்கள் வட்டத்துக்கு உள்பக்கம். கையில் முரசு கிடையாது. மணிகள் கோத்த சரங்கள் உடம்பில் துலங்கும். ஆண்களின் ஆட்டம் காலிலும் கையிலும் இருந்தால், பெண்களின் ஆட்டம் தோளிலும் கழுத்திலும் இருக்கிறது. கழுத்தை அசைக்கும் விதத்தைச் சொல்லி விளக்க முடியாது, பார்க்கத்தான் வேண்டும். இடையிடையே அவர்கள் போடும் குலவை முரசொலியையும் தாண்டிக் கேட்கும். ஆண்கள் பக்கமிருந்து ‘ம்வோச்’ வரும். ம்வோச் என்பது ஒவ்வொரு குலத்துக்கும் உரிய முழக்கம். தனி மனிதர்களுக்கும் உண்டு. போர்க்களத்தில் கூவியதும் அதுதான், ஆடுகளத்தில் கூவுவதும் அதுதான். அதைக் கூவினால் ‘நான் இன்னார் வழி’ என்று ஊர் கேட்கச் சொன்னதாகிறது.

வட்டத்துக்குள் ஒருவர் மட்டும் வரிசைக்குக் கட்டுப்படாமல் தன் போக்கில் நடமாடுவார். அவர்தான் நடனத் தலைவர். பாட்டை எடுத்துக் கொடுப்பது, வேகத்தைக் கூட்டுவது, அடுத்த பகுதிக்கு மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் எடுத்தால் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். சிறுத்தைத் தோல் அணியும் உரிமை கொண்ட வெகு சிலரில் அவரும் ஒருவர். சிறுத்தைத் தோல் அரசரின் அடையாளம் என்பதை நினைத்தால் அவருக்கு எவ்வளவு பெரிய இடம் என்று புரியும். ப்வோலா சின்ன நடனமும் அல்ல. ஒன்றுக்கொன்று வேறான பல பகுதிகள் அதில் அடுத்தடுத்து வரும்; முழுதாக ஆடினால் வெகுநேரம் நீளும். எந்தப் பகுதி எப்போது என்ற வரைபடம் முழுக்க அந்த ஒருவர் மனதில் இருக்கிறது.

சரி, அந்த அரசர் யார்?

‘அரசர்’ என்றதும் கோட்டை, கருவூலம், படை என்று போய்விடக் கூடாது. அச்சோலிச் சொல் ‘ர்வோட்’, பன்மையில் ‘ர்வோடி’. அச்சோலி நாடு முழுவதையும் ஒரே ர்வோட் ஆண்டது கிடையாது. ஒவ்வொரு சிறு அரசுக்கும் ஒரு ர்வோட். 19ஆம் நூற்றாண்டில் இப்படிப் பல டஜன் அரசுகள் இருந்தன. அவற்றில் பாயிரா பெரியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கே புன்யோரோ பக்கமிருந்து வந்த லுவோ குழுக்கள்தான் இந்த முறையைக் கொண்டுவந்தன என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து. அவர்களோடு வந்த முக்கியமான பொருள் அரச முரசு. எந்த அரசுக்கும் அடையாளம் அதுதான். ப்வோலாவில் ஒவ்வொருவர் கையிலும் முரசு இருப்பதை இந்த இடத்தில் மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அரசின் சின்னத்தை, சின்ன அளவில், ஊரே கையில் ஏந்தி நிற்கிறது.

அரச குலத்துக்கு ‘கல்’ என்றும் மற்றக் குலங்களுக்கு ‘லோபோங்’ என்றும் பெயர். ர்வோட் அரச குலத்திலிருந்து வருவார், ஆனால் குலப் பெரியவர்களைக் கலக்காமல் அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பெரியவர்கள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள், அதை ர்வோட் அறிவிப்பார். பதவி ஏற்கும்போது ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயை அவருக்குப் பூசுவார்கள். எண்ணெய்க்கு அவர்கள் மொழியில் ‘மோ’. அதனால் முறைப்படி வந்தவரை ‘ர்வோட் மோ’, எண்ணெய் பூசப்பட்ட அரசர், என்று இன்றும் சொல்கிறார்கள்.

அரச பெருமையின் மறுபக்கத்தையும் அச்சோலிகள் மறக்கவில்லை என்பதற்கு அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. லபோங்கோ, கிபிர் என்று இரண்டு சகோதரர்கள். தோட்டத்துக்குள் யானை வந்தபோது கிபிர் அவசரத்தில் கையில் கிடைத்த ஈட்டியை எறிந்துவிட்டான். அது லபோங்கோவின் அரச ஈட்டி. யானை ஈட்டியோடு காட்டுக்குள் ஓடிவிட்டது. வேறு எதைக் கொடுத்தாலும் வேண்டாம், என் ஈட்டியேதான் வேண்டும் என்று லபோங்கோ பிடிவாதம் பிடித்தான். கிபிர் யானைகளின் நாட்டுக்கே அலைந்து போய், அங்கே ஒரு கிழவியின் உதவியால் அதை மீட்டுக்கொண்டு வந்தான். கிழவி கொடுத்த மணிகளும் அவனிடம் இருந்தன. பின்னொரு நாள் லபோங்கோவின் குழந்தை அந்த மணிகளில் ஒன்றை விழுங்கிவிட்டது. என் மணியேதான் வேண்டும் என்று இப்போது கிபிர் நின்றான். குழந்தையின் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். சகோதரர்கள் நைல் கரையில் பிரிந்தார்கள். பக்வாச் ஊர்ப் பக்கத்தில்தான் என்பார்கள். லபோங்கோ வழியினர் அச்சோலிகள் ஆனார்கள், கிபிர் ஆற்றைக் கடந்துபோய் அலூர் என்ற இன்னோர் இனத்தின் முன்னோன் ஆனான். விவரங்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தங்கள் தொடக்கத்தைப் பற்றி ஓர் இனம் சொல்லும் கதையில் தங்கள் முன்னோனையே குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறார்கள், கவனித்தீர்களா? இப்படிப்பட்ட பெருமையை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆங்கிலேயர் வந்த பிறகு ர்வோட் பதவிக்கு நேர்ந்தது தனிக் கதை. பாயிராவின் ர்வோட் அவிச்சை அவர்கள் பிடித்துச் சிறை வைத்தார்கள். 1911–12இல் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னதை எதிர்த்து லாமோகி மக்கள் குருகுரு மலைக் குகைகளில் ஏறி நின்று போராடித் தோற்றார்கள். அப்புறம் வரி வாங்கவும் சாலை வேலைக்கு ஆள் பிடிக்கவும் தங்களுக்குப் படிந்தவர்களை நிர்வாகம் தலைவர்களாக நியமித்தது. மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘ர்வோட் கலாம்’. கலாம் என்றால் பேனா. அரபியிலிருந்து கிழக்காப்பிரிக்காவுக்கு வந்த சொல். எண்ணெயால் வந்த அரசர் ஒருவர், பேனாவால் வந்த அரசர் ஒருவர். இந்த இரண்டு சொற்களை வைத்தே காலனி ஆட்சியின் வரலாற்றை அச்சோலிகள் சுருக்கிவிட்டார்கள். எண்ணெய் பூசியவர்கள் அதிகாரம் இழந்து ஊருக்குள் மதிப்போடு மட்டும் இருந்தார்கள்.

மதப் பிரசாரகர்களும் அதே காலத்தில் வந்தார்கள், முதலில் ஆங்கிலிக்கன், பிறகு இத்தாலியக் கத்தோலிக்கத் துறவிகள். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கொடுத்தார்கள். கூடவே, உடம்பைக் காட்டி ஆடும் நடனம் பாவம் என்றும் கற்றுக் கொடுத்தார்கள். படித்த அச்சோலி என்றால் ஊர் நடனத்தை விட்டவர் என்ற நிலை ஒரு தலைமுறைக்குள் வந்துவிட்டது.

இதை எதிர்த்து எழுந்த மிகப் பெரிய குரல் ஒகோட் பிபிடெக்குடையது. 1931இல் குலுவில் பிறந்தவர். உகாண்டா கால்பந்து அணிக்காக ஆடியவர், பிறகு இங்கிலாந்தில் படித்து மானுடவியலாளர் ஆனவர். 1966இல் வெளியான அவருடைய நெடுங்கவிதையில் லவினோ என்ற கிராமத்துப் பெண், வெள்ளைக்காரர் பழக்கங்களுக்கு மாறிப்போன தன் கணவனிடம் பேசுகிறாள். நடனத்தைப் பற்றி அவள் சொல்வது அதில் முக்கியமான பகுதி: எங்கள் ஆட்டம் திறந்த வெளியில், எல்லார் கண் முன்னாலும் நடக்கிறது, உடம்பின் நலமும் திறமையும் அங்கே தெரிந்துவிடும், மறைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் புகை அடைத்த அறைக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடுவதில் எனக்கு என்ன இருக்கிறது என்பது அவள் கேள்வி. கவிதையை முதலில் அச்சோலியில் எழுதி, ஆங்கிலத்தில் அவரே தந்தார். அவருடைய தாய் ஊரறிந்த பாடகி. ஆகவே அவர் எழுதியது நூலகத்தில் கிடைத்த பெருமை இல்லை, வீட்டில் கேட்டு வளர்ந்தது. கம்பாலாவில் உகாண்டாப் பண்பாட்டு மையத்தின் இயக்குநராகக் கொஞ்ச காலம் இருந்தபோது கிராமத்து ஆட்டங்களை மேடைக்குக் கொண்டுவந்தார். பதவி பறிபோய்க் கென்யாவில் பல ஆண்டுகள் இருந்தார். 1982இல் இறந்தார்.

1967இல் உகாண்டா புதிய அரசியல் சட்டம் இயற்றியபோது நாட்டின் எல்லா அரச பதவிகளும் ஒழிக்கப்பட்டன. தெற்கில் இருந்த புகாண்டா அரசின் பெரிய அரண்மனை பற்றித்தான் உலகம் பேசியது. வடக்கில் சிறிய ர்வோட்கள் எந்தச் சத்தமும் இல்லாமல் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். உங்கள் கேள்வி சரியாக இந்த இடத்துக்குப் பொருந்துகிறது. அரசர் சொல்லாமல் ஆடக்கூடாத நடனம், அரசரே இல்லாதபோது என்ன ஆகும்? நியாயப்படி அது அன்றே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது, தேசிய நடனக் குழுவின் மேடைக்கு ஏறியது, சுதந்திர தின மைதானங்களுக்குப் போனது. வேலி கட்டுகிறவர்கள் இருந்தார்கள், அதனால் வேலி நின்றது.

பிறகு வந்தது பெரிய இருட்டு. இடி அமீன் 1971இல் ஆட்சியைப் பிடித்ததும் ராணுவத்திலிருந்த அச்சோலி, லாங்கோ வீரர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1986க்குப் பிறகு வடக்கில் கலகம் மூண்டது. ஜோசப் கோனி என்ற அச்சோலிக் கலகத் தலைவனின் படை இருபது ஆண்டுகள் அந்த மண்ணை விடவில்லை. தன் சொந்த இனத்துப் பிள்ளைகளையே கடத்திக்கொண்டு போய்ச் சிப்பாய்களாக்கிய படை அது. 1996 முதல் அரசாங்கம் மக்களைக் கிராமங்களிலிருந்து முகாம்களுக்குப் போகச் சொன்னது. உச்சத்தில் அச்சோலிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முகாமில் இருந்தார்கள். 2005இல் குலு, கிட்கும், பாடேர் முகாம்களில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வழக்கமாக ஏற்படும் சாவுகளுக்கு மேல் வாரத்துக்குச் சுமார் 1000 பேர் கூடுதலாக இறந்துகொண்டிருந்தார்கள்.

இதில் நடனத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம். நடனம் எதையெல்லாம் நம்பி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் இடம் வேண்டும். ப்வோலா வட்டத்துக்கு நல்ல பெரிய முற்றம் வேண்டும். முகாமில் குடிசையும் குடிசையும் கூரை உரச நின்றன. அறுவடை வேண்டும், அதில் காய்ச்சிய கள் வேண்டும், விருந்து வேண்டும். வயலுக்கே போக முடியாத நாட்கள் அவை. இரவு வேண்டும். இரவில் ஊரடங்கு. அச்சோலி வீட்டு முற்றத்தில் மாலை வேளையில் எரியும் தீயைச் சுற்றிப் பெரியவர்கள் கதை சொல்லும் வழக்கத்துக்கு ‘வாங் ஓ’ என்று பெயர். பாட்டு, விடுகதை, குல வரலாறு, எது தப்பு எது சரி என்ற அறிவு, எல்லாம் அந்தத் தீயைச் சுற்றித்தான் கைமாறியது. முகாமில் அந்தத் தீ அணைந்தது. கடத்தலுக்குப் பயந்து பல்லாயிரம் குழந்தைகள் மாலையானால் நடந்து நகரத்துக்குப் போய், கடை வராந்தாவிலும் மருத்துவமனை வளாகத்திலும் படுத்துவிட்டு விடிந்ததும் திரும்பி வந்தார்கள். தாத்தாவிடம் கதை கேட்க வேண்டிய நேரம் நடையிலேயே போயிற்று.

அப்படிப்பட்ட முகாம்களில் ஒன்று படோங்கோ. அங்கே ஓர் ஆரம்பப் பள்ளி. பிள்ளைகளில் பலர் பெற்றோரை இழந்தவர்கள், சிலர் கடத்தப்பட்டுத் தப்பி வந்தவர்கள். 2005இல் அந்தப் பள்ளி தேசிய இசைப் போட்டிக்குத் தகுதி பெற்றுக் கம்பாலாவுக்குப் போனது. அமைதியான தெற்கிலிருந்து வசதியான பள்ளிகள் வந்திருந்த போட்டி. படோங்கோ பிள்ளைகள் தேர்ந்தெடுத்த நடனம் ப்வோலா. மரபு நடனப் பிரிவில் பரிசோடு ஊர் திரும்பினார்கள். இதைப் படம்பிடித்த ஆவணப்படம் 2007இல் வந்து, ஆஸ்கர் பரிந்துரை வரை போனதால் உலகத்துக்குத் தெரிந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தலையில் இறகும் கையில் முரசுமாய் நிற்கும் அந்தக் குழந்தைகளைப் பார்த்து ‘பாவம்’ என்று யாருக்கும் சொல்லத் தோன்றாது. முகாமில் வரிசையில் நின்று உணவுக்கு அட்டை நீட்டிய அதே பிள்ளைகள்தான். ஆனால் ப்வோலா ஆடும்போது அவர்கள் ஓர் அரசவையின் மதில். அகதி என்ற சொல் அந்த உடம்பில் ஒட்டுவதில்லை.

அதே 2005 ஜனவரியில், போர் ஓயாத நேரத்தில், பாயிராவின் ர்வோட் டேவிட் ஒனேன் அச்சானா II அச்சோலி முழுவதற்குமான தலைமை ர்வோட்டாகப் பதவி ஏற்றார். 1995 அரசியல் சட்டம் மரபுத் தலைவர்களை மறுபடி அங்கீகரித்திருந்தது. ர்வோட்களின் கூட்டமைப்புக்கு ‘கேர் க்வாரோ அச்சோலி’ என்று பெயர். கேர் என்றால் ஆட்சி, க்வாரோ என்றால் முன்னோர். தலைமை ர்வோட்டை ‘லாவி ர்வோடி’ என்பார்கள். அச்சோலிக்கெல்லாம் ஒரே தலைவர் என்பது பழைய வழக்கம் அல்ல என்பதை மேலே சொன்னேன். போர் இனத்தையே சிதறடித்தபோது, கூடி நிற்க ஒரு நடு வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மரபு இப்படித்தான் தேவைக்கு ஏற்ப வளரும்.

2006இல் துப்பாக்கிச் சத்தம் அடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் மக்கள் ஊர் திரும்பினார்கள். புல் மண்டிய நிலத்தில் எல்லைக்கல் தெரியவில்லை, நிலத் தகராறுகள் கிளம்பின. அவற்றைத் தீர்க்கப் பெரியவர்களும் ர்வோட்களும் தேவைப்பட்டார்கள். ஒருவரை ஒருவர் கொன்ற குடும்பங்களைச் சேர்த்துவைக்க, ஒபுட் மரத்து வேரின் கசப்பு நீரை இரு தரப்பும் ஒரே சுரைக்குடுவையிலிருந்து குடிக்கும் ‘மாட்டோ ஒபுட்’ சடங்கு திரும்ப நடந்தது. கடத்தப்பட்டுக் காட்டிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகள் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் கோழி முட்டையை மிதித்து உடைத்தார்கள். இந்தச் சூழலில் ப்வோலா மறுபடி ர்வோட்களின் முற்றத்துக்கே திரும்பியது. பதவி ஏற்பு, பெரிய அடக்கம், குலக் கூட்டம் என்று அதற்குரிய இடங்கள் திரும்பக் கிடைத்தன.

இன்றைய நிலையில் எனக்குக் கவலையும் உண்டு. பள்ளிப் போட்டியில் ஒவ்வொரு நடனத்துக்கும் சில நிமிடங்களே. மணிக்கணக்கில் விரிய வேண்டிய நடனத்தின் பகுதிகளில் கண்ணைப் பறிப்பவை மட்டும் தங்கி, மெதுவானவை உதிர்ந்துவிடுகின்றன. மேடை ஒரு பக்கம்தான் திறந்திருக்கும், அதனால் வட்டம் பிறை ஆகிவிடுகிறது. பார்ப்பவர் பக்கம் முகம் காட்டத் திறந்துவிட்ட வேலி பிறகு என்ன வேலி? இதைத்தான் நான் பெரிய இழப்பாகப் பார்க்கிறேன். சிறுத்தைத் தோலுக்குப் பதில் பல குழுக்களில் புள்ளி அச்சிட்ட துணி வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. உயிரோடு இருக்கும் சிறுத்தைக்கு அது நல்லது, துணியின் பொருளும் மாறிவிடவில்லை.

தெற்கில் உள்ள பள்ளிகளும், வேறு இனத்துப் பிள்ளைகளும் போட்டிக்காக ப்வோலா கற்கிறார்கள். அச்சோலிகள் சிலருக்கு இதில் சங்கடம், எனக்கு மகிழ்ச்சிதான். வடக்கத்தியர் என்றாலே சிப்பாய், கலகக்காரன் என்று நினைத்துப் பழகிய ஒரு நாட்டில், அந்த இனத்தின் அரச முற்றத்துக்குள் காலை எடுத்து வைக்கக் கற்கும் பிள்ளை வேறு மாதிரி வளரும். அச்சோலிகளைப் போர்க்குணம் கொண்டவர்கள் என்று முத்திரை குத்திப் பட்டாளத்தில் சேர்த்தது ஆங்கிலேயர்தான். அந்த முத்திரையின் விலையை 1971 முதல் அவர்கள் ரத்தத்தில் கொடுத்தார்கள். ‘எங்களிடம் அவை இருந்தது, முறை இருந்தது, ஆயிரம் கால்களை ஒரே தாளத்தில் வைக்கும் ஒழுங்கு இருந்தது’ என்று சொல்ல அவர்களிடம் இருக்கும் மிகத் தெளிவான சான்று ப்வோலா. நீங்கள் கேட்ட பெருமை அதுதான்.

நீங்கள் அடுத்து பார்க்க நினைத்தால், மேடை விளக்கில் எடுத்ததை விட்டுவிட்டு, மண் தரையில் பகலில் எடுத்த காணொளியைத் தேடுங்கள். குலு, கிட்கும் பக்கத்து ஊர் விழாக்களில் எடுத்தவை கிடைக்கும். இறகுகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு முதலில் தலைவரைக் கண்டுபிடியுங்கள். வரிசையில் இல்லாமல் தனியாக நடமாடுபவர் அவர்தான். பிறகு அவருக்கு நேர் எதிரே, வட்டத்தின் அந்தக் கரையில் இருப்பவரின் காலைப் பாருங்கள். தலைவரின் முகம் அவ்வளவு தூரத்தில் அவருக்குச் சரியாகத் தெரியாது, புழுதி வேறு எழும்பியிருக்கும். இருந்தும் அந்தக் கால் சரியான நேரத்தில் தரையில் விழும்.